ஆயிரத்துக்கு ஏழு: இறப்புக் கணக்கை எப்படி வாசிப்பது?

இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் நடத்தும் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் கணக்குப்படி, 2020-இல் கேரளத்தில் ஆயிரம் பேருக்கு 7.0 பேர் இறந்தார்கள். பீகாரில் 5.4 பேர்தான். நல்ல மருத்துவ வசதிக்குப் பெயர் வாங்கிய மாநிலத்தில் சாவு அதிகம் என்கிறது கணக்கு. கணக்கில் பிழை இல்லை. அதை வாசிக்கும் விதத்தில்தான் சிக்கல்.

ஓராண்டில் இறந்தவர்களின் எண்ணிக்கையை மொத்த மக்கள்தொகையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் வருவது பொது இறப்பு விகிதம். அதில் வயது கலந்து கிடக்கிறது. கேரளத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 16 சதவீதம். பீகாரில் 8 சதவீதத்துக்கும் குறைவு. முதியவர்கள் மிகுந்த ஊரில் சாவும் மிகும். உலகிலேயே நீண்ட ஆயுள் கொண்ட மக்களில் ஒரு சாராரான ஜப்பானியரிடையே 2022-இல் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 13 பேர் இறந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் நிறைந்த கத்தாரில் அது 2-க்கும் கீழ். இதை வைத்து கத்தார்தான் ஆரோக்கியமான நாடு என்று சொல்ல முடியாது.

அதனால் ஆய்வாளர்கள் ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் இறப்பைத் தனித்தனியே கணக்கிட்டு, இரு ஊர்களிலும் வயதுப் பரவல் ஒரே மாதிரி இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்கிறார்கள். வயதைச் சமப்படுத்தாத ஒப்பீட்டுக்குப் பெரிய மதிப்பில்லை. அவ்வளவு தூரம் போகாமலே, குழந்தை இறப்பு விகிதத்தைப் பார்த்தாலும் உண்மை தெரிந்துவிடும். உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது நிறையும் முன் இறந்தவை 2020-இல் கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, பீகாரில் 27.

சராசரி ஆயுளும் இப்படித்தான் தவறாக வாசிக்கப்படுகிறது. சுதந்திரம் கிடைத்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32. அதற்காக அன்றைய மக்கள் முப்பத்திரண்டு வயதில் கிழவர்களாகிச் செத்தார்கள் என்று பொருளில்லை. பிறந்த குழந்தைகளில் கணிசமான பங்கு சில ஆண்டுகளிலேயே இறந்ததால் சராசரி கீழே இறங்கியது. பிள்ளைப் பருவத்தைத் தாண்டியவர்களில் பலர் பேரன் பேத்தி கண்டார்கள்.

இந்த எண்கள் வரும் வழியும் கவனிக்கத்தக்கது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா இறப்பையும் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் இறந்த இடத்தில்தான் பதிவு நடக்கும். வெளிமாவட்டத்திலிருந்து சென்னைக்குச் சிகிச்சைக்கு வந்து இறப்பவர் சென்னைக் கணக்கில் சேர்கிறார். பதிவு எல்லா மாநிலங்களிலும் ஒரே சீராக இல்லாததால்தான் மாதிரிப் பதிவுத் திட்டம் வந்தது. தேர்ந்தெடுத்த ஊர்களில் உள்ளூர்க்காரர் ஒருவர் பிறப்பு, இறப்பைத் தொடர்ந்து குறித்து வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் வீடு வீடாக விசாரிப்பார். இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாதவற்றை மறுபடி சரிபார்ப்பார்கள்.

காரணம் அறிவது இன்னும் கடினம். 2020-இல் பதிவான இறப்புகளில் நான்கில் ஒரு பங்குக்குக்கூட மருத்துவச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இருந்தாலும் ‘இதயம் நின்றது’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்த நோயால் இறந்தாலும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும்.

கொரோனா காலத்தில் இந்தக் குறைகள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன. நோயின் பெயரால் பதிவான சாவுகளை மட்டும் எண்ணாமல், வழக்கமான ஆண்டுகளைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று கணக்கிடுவது ‘மிகை இறப்பு’ முறை. இம்முறையில் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு இந்தியாவில் சுமார் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசின் கொரோனா கணக்கோ ஐந்து லட்சத்துக்கும் குறைவு. கணக்கிட்ட முறையே தவறு என்று இந்திய அரசு மறுத்தது. பின்னர் 2025-இல் வெளியான குடிமைப் பதிவு அறிக்கையின்படி, 2020-இல் சுமார் 81 லட்சமாக இருந்த பதிவான இறப்புகள் 2021-இல் 1 கோடியே 2 லட்சமாக உயர்ந்தன. பதிவு செய்யும் பழக்கம் கூடிவருவதும் அந்த உயர்வில் ஒரு பகுதி. ஆனால் ஒரே ஆண்டில் ஏறிய 21 லட்சத்தையும் அதன் கணக்கில் எழுதிவிட முடியாது.