ஒரே படம், பல திரைகள்: எண்டோஸ்கோப்பி அறையின் வடங்கள்

எண்டோஸ்கோப்பிப் பிரிவின் வெளியே காத்திருக்கும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உள்ளே நடப்பதை நாங்களும் பார்க்கலாமா, டாக்டர்?" மற்றொரு கேள்வியை மிகச் சிலரே கேட்கின்றனர்: "அந்தப் படம் வேறு யார் யாருக்குத் தெரியும்?" எங்கள் கணிப்பில் முக்கியமானது இரண்டாவதே. இவ்விரண்டுக்கும் உரிய விடை, கூரைக்கு மேலும் சுவருக்குள்ளும் ஓடும் வடங்களில் இருக்கிறது. ஆதலால் இம்முறை மருந்தையும் உணவையும் விடுத்து, வடங்களைப் பற்றி எழுதுகின்றோம்.

இரைப்பைக்குள் பார்க்கும் வளையும் ஒளியிழைக் கருவியை 1957-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் முதலில் தம்மீதே சோதித்தார். அக்காலக் கருவியில் மருத்துவர் ஒருவர் மட்டுமே ஒற்றைக் கண்ணால் பார்க்க இயலும். பயிற்சி மருத்துவரும் பார்க்க வேண்டுமெனில், கண்வில்லையில் ஒரு கிளைக்குழாயைப் பொருத்த வேண்டும். அப்போது வருகின்ற ஒளி இருவருக்கும் பகிரப்பட்டு, இருவருக்குமே காட்சி மங்கிவிடும். 1983-இல் கருவியின் நுனியிலேயே சிறு ஒளியுணர் சில்லு பொருத்தப்பட்ட பின்னரே காட்சி திரைக்கு வந்தது. செவிலியரும் மயக்கவியல் மருத்துவரும் மாணவரும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைக் காணும் நிலை அதன் பிறகு உண்டானது.

ஆனால் ஒரு திரையில் தெரிவதைப் பல திரைகளுக்கு அனுப்புவது, ஒரு குழாய்த் தண்ணீரைப் பல குடங்களில் நிரப்புவது போன்ற எளிய வேலையன்று. உயர்தெளிவுப் படம் ஒவ்வொன்றும் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 புள்ளிகள் கொண்டது; ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 60 படங்கள், ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட்டுகள் என்று கணக்கிட்டால், நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி பிட்டுகள் வடத்தின் வழியே ஓட வேண்டும். கைப்பேசியில் நாம் பார்க்கும் திரைப்படம் இறுக்கிச் சுருக்கப்பட்டு வருவதால், அதற்கு இதில் மிகச் சிறு பங்கே போதும். அவ்வாறு சுருக்கும்போது நுண்விவரங்கள் சில கைவிடப்படும். படம் சற்றுத் தாமதமாகவும் வந்து சேரும். திரையைப் பார்த்தே கையை அசைக்கும் மருத்துவருக்கு இவ்விரண்டும் ஆகா. குடற்சுவரில் தட்டையாக ஒட்டிக்கிடக்கும் ஒரு பாலிப், சுற்றியுள்ள சவ்விலிருந்து நிறத்தில் மிகச் சிறிதளவே வேறுபடும். அது பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியதாகவும் இருக்கலாம். அந்தச் சிறு வேறுபாடு படத்தில் கெடாமல் வந்து சேர வேண்டும்.

வீடுகளில் தொலைக்காட்சியில் செருகும் எச்.டி.எம்.ஐ. வடத்தை நீங்கள் அறிவீர்கள். சாதாரணச் செப்பு வடமாயின், இத்தெளிவில் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் அதை நம்புவதற்கில்லை. பழைய தொலைக்காட்சிகளில் அலை தேய்ந்தால் படத்தில் புள்ளி புள்ளியாய்ப் பனி பெய்யும். எனினும் ஓரளவு பார்க்கலாம். இன்றைய இலக்கமுறைப் படமோ, எல்லைவரை குறையின்றி வந்து, எல்லையைத் தாண்டியதும் மின்மினிகள்போல் புள்ளிகள் சிதறித் திடீரென இருண்டுவிடும். அதிலும் அந்தச் செருகி இறுகப் பூட்டாதது. வண்டியைச் சற்று நகர்த்தினாலே கழன்று விடக்கூடும். எனவே மருத்துவமனைகளில், திருகிப் பூட்டும் முனைகொண்ட எஸ்.டி.ஐ. என்னும் கோஆக்சியல் வடம் பரவலாக வழக்கில் உள்ளது. அறைவிட்டு அறை தாண்டும் நீண்ட தொலைவுக்கு ஒளியிழை வடம் சாலச் சிறந்தது. ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலால் வேறோர் அறையின் மின்கசிவு வடத்தின் வழியே நோயாளியின் அருகே வந்து சேரும் வாய்ப்பும் இல்லை. எங்கள் மின்பொறியாளர்கள் படத்தின் தெளிவைவிட இதனையே பெரிதாகக் கருதுகின்றனர். அது நியாயமே.

பகிர்வதிலும் ஒரு பொறி உண்டு. எச்.டி.எம்.ஐ. முறையில் திரையே, தன்னால் எவ்வளவு தெளிவைக் காட்ட இயலும் என்பதைப் படம் அனுப்பும் கருவிக்குத் தெரிவிக்கும். மலிவான பகிர்வுப் பெட்டியின் ஒரு முனையில் மருத்துவரின் திரையையும், மறுமுனையில் காத்திருப்பு அறையின் பழைய தொலைக்காட்சியையும் பொருத்தினால், அனுப்பும் கருவி அந்தப் பழைய தொலைக்காட்சியின் தரத்துக்கே இறங்கிவிடலாம். வெளியே உள்ளவர்கள் பார்ப்பதற்காக உள்ளே இருப்பவரின் பார்வை மங்குவதை எவ்வகையிலும் ஏற்க முடியாது. ஆதலால் மருத்துவரின் முதன்மைத் திரைக்குக் கருவியிலிருந்து நேரடியாகத் தனி வடம் செல்கிறது. கருவியின் மற்றொரு வெளிவாயிலிலிருந்து எடுக்கப்படும் படமே, அலையைப் புதுப்பித்து வலுவூட்டும் பகிர்வுப் பெட்டிக்குச் சென்று, அங்கிருந்து செவிலியர் திரை, வகுப்பறை, குடும்ப ஆலோசனை அறை எனப் பிரிகிறது. வெளித்திரை திடீரென அணைந்தால் தயவுசெய்து பதறாதீர்கள். உள்ளே நடக்கும் பரிசோதனைக்கு அதனால் யாதொரு தடையும் இல்லை.

வார்டுகளில் உள்ள தொலைக்காட்சிகள் வேறு வகை. அங்கு நீரிழிவு உணவு, கைகழுவும் முறை போன்ற காணொளிகள் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அவற்றை ஒரு பண்பேற்றிப் பெட்டி கேபிள் டிவி அலைவரிசையாக மாற்றிப் பொதுவான வடத்தில் ஏற்றுகிறது. அந்த எண்ணைத் திருப்பும் எந்தத் தொலைக்காட்சியிலும் அது தெரியும். எத்தனை தொலைக்காட்சிகள் இருந்தாலும் மேலும் ஒரு பெட்டி தேவையில்லை. இவ்வசதியே அதன் ஆபத்தும் ஆகும். ஒரு நோயாளியின் படம் அவ்வடத்தில் ஏறினால் கட்டடம் முழுவதும் அதைக் காணும். எனவே எண்டோஸ்கோப்பி அறைக்கும் அவ்வடத்துக்கும் இடையே இணைப்பே வைக்கவில்லை.

ஆலோசனை அறைத் திரைக்குப் படம் செல்ல வேண்டுமா என்பதை முடிவு செய்பவர் நோயாளியே. கணவர் கேட்டார், மகன் கேட்டார், ஊரிலிருந்து வந்த பெரியவர் கேட்டார் என்பதற்காக நாங்கள் அதனை இயக்குவதில்லை. மயக்க மருந்து தருவதற்கு முன்னரே உங்கள் விருப்பத்தைக் கேட்டு எழுத்தில் பெறுகின்றோம். வேண்டாம் என்பதற்குக் காரணம் கூறத் தேவையில்லை. மகளிடம் காட்டலாம், மருமகனிடம் வேண்டாம் என்றும் சொல்லலாம்.

பார்க்க வருவோர்க்குச் சில சொற்கள். திரையில் தெரிவது பெரிதாக்கப்பட்ட காட்சி. கடுகளவு புள்ளி, காசளவாய்த் தோன்றும். குடலின் இயல்பான நிறமே இளஞ்சிவப்பு; ஈரமாய் மின்னுவது புண் அன்று. பாலிப்பை அகற்றும்போது கசியும் சில துளி இரத்தமும் திரை நிறைய வழிவதுபோல் தெரியும். மருத்துவர் ஓரிடத்திலேயே நெடுநேரம் நின்றால் ஏதோ கண்டுபிடித்துவிட்டார் என்று பொருளில்லை. மடிப்புகளுக்குப் பின்னே பார்க்கப் பொறுமை வேண்டும், அவ்வளவே. இரத்தத்தைக் கண்டால் தலைசுற்றும் இயல்புடையோர் வெளியிலேயே அமர்ந்திருங்கள். சிறு குழந்தைகளை அழைத்து வர வேண்டா. படத்தின் ஓரத்தில் நோயாளியின் பெயரும் பதிவெண்ணும் சில வேளை தெரியும். ஆகவே கைப்பேசியில் அத்திரையைப் படம்பிடிக்க எவருக்கும் அனுமதி இல்லை. உங்கள் படங்கள் உங்களுக்கு வேண்டுமெனில், பரிசோதனை அறிக்கையுடன் எங்கள் பிரிவிலேயே கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.