கொற்றம்பத்தூர் மூவர்: கணக்கில் வராத காட்டுத் தீ வீரர்கள்

புது தில்லி: 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. கேரள மாநிலம் திருச்சூர் மாவட்டம் தேசமங்கலத்தை அடுத்த கொற்றம்பத்தூரில், அகேசியா மரங்கள் நிறைந்த தோட்டத்தில் தீ பரவியது. அதை அணைக்கச் சென்ற வனத்துறைப் பணியாளர்களுள் மூவர் திரும்பவில்லை. திவாகரன், வேலாயுதன், சங்கரன் என்பன அவர்களது பெயர்கள். காற்று திசை மாறியதால் நாற்புறமும் தீ சூழ்ந்துகொண்டது. வெளியேற வழியில்லாமல் போயிற்று. இருவர் அங்கேயே மாண்டனர். கடுமையான தீக்காயங்களுடன் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட சங்கரனையும் காப்பாற்ற இயலவில்லை.

திவாகரன், வாழச்சால் பகுதியைச் சேர்ந்த பழங்குடி வனக் காவலர். மற்ற இருவரும் தற்காலிகப் பணியாளர்கள். தென்னிந்தியக் காடுகளில் தீயை முதலில் நேருக்கு நேர் சந்திப்பவர் பெரும்பாலும் இத்தகையவர்தாம். பசுந்தழைக் கொத்து, அரிவாள், தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றோடு ஏறுகின்றனர். காற்று ஊதி சருகை விலக்கும் இயந்திரங்கள் அண்மைக் காலத்தில் சில சரகங்களுக்கு வந்துள்ளன. ஆனால் தீயணைப்பு ஊர்தி ஏற முடியாத சரிவில், தழையால் அடித்து அணைப்பதே இன்றும் நடைமுறை.

காட்டுத் தீயை அணைப்பது என்பது தண்ணீர் ஊற்றுவதல்ல. தீ எந்தப் பக்கம் ஓடும் என்று முன்கூட்டியே கணித்து, அதற்கு முன்னால் சருகை அகற்றி வெறுந்தரையாக ஒரு கோடு இழுக்க வேண்டும். சில வேளைகளில் அக்கோட்டிலிருந்தே எதிர்த்தீ வைத்து, வரும் தீக்கு எரிய ஏதுமில்லாமல் செய்ய வேண்டும். மேல்நோக்கிய சரிவில் தீ மிக விரைவாக ஏறும். தன்னிலும் மேலே நிற்கும் மனிதனை அது எளிதில் முந்திவிடும். எந்த ஓடை வறண்டிருக்கிறது, எந்தப் பாறை மேல் நின்றால் தப்பலாம், மாலையில் காற்று எப்படித் திரும்பும் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இல்லை. அவ்வறிவு அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவரிடம் இருக்கிறது. ஒரு காவலர் இறக்கும்போது அவரது குழுவினர் இழப்பது ஒரு நண்பரை மட்டுமன்று, தங்களுக்கு வழி சொன்னவரையும்தான்.

கொற்றம்பத்தூர் தோட்டத்துக்கும் தலைநகருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அது, மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனமாக இருந்த இந்துஸ்தான் நியூஸ்பிரிண்ட் நிறுவனத்தின் தோட்டம். செய்தித்தாள் காகிதத்துக்குக் கூழ்மரம் வளர்ப்பதற்காக ஏற்படுத்தப்பட்டது. கோட்டயம் மாவட்டம் வெள்ளூரில் உள்ள அதன் ஆலை, கடன் சுமையால் 2019 தொடக்கத்தில் உற்பத்தியை நிறுத்தியது. பின்னர் திவால் நடவடிக்கையின் வழியே கேரள அரசு அதை ஏற்று, 2022-இல் கேரளா பேப்பர் புராடக்ட்ஸ் என்ற பெயரில் மீண்டும் இயக்கியது. தீப்பிடித்தபோது ஆலை மூடிக்கிடந்தது. அகேசியாவின் உதிர்ந்த இலை எளிதில் மட்காமல் தரையில் கனமாகப் படிவது; கோடையில் அது காய்ந்த எரிபொருள். பொதுத்துறை ஆலை மூடப்படும்போது தொழிலாளர் நிலை குறித்துத் தில்லியில் பேசப்படுகிறது, பங்கு விற்பனை குறித்தும் பேசப்படுகிறது. அதன் தோட்டத்துச் சருகை இனி யார் அகற்றுவது என்று கேட்பார் இல்லை.

நாடாளுமன்றத்தில் காட்டுத் தீ பற்றிய வினாக்களுக்குப் பஞ்சமில்லை. அதிலும் வரவு செலவுத் திட்டக் கூட்டத்தொடரில் எந்தக் கட்சியினரும் கேட்பர். சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்ற அமைச்சகத்தின் பதிலும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும். காட்டுத் தீயைத் தடுப்பதும் கட்டுப்படுத்துவதும் முதன்மையாக மாநில அரசுகளின் பொறுப்பு என்று அது தொடங்கும். வனங்கள் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது 1976-இல் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். ஒரு ஏக்கர் காட்டை வேறு பயனுக்கு ஒதுக்கத் தில்லியின் ஒப்புதல் தேவை. அதே காடு எரிந்தால் பொறுப்பு மட்டும் மாநிலத் தலைநகருக்குத் திரும்பிவிடுகிறது.

அடுத்து அமைச்சகம் தரும் பட்டியல் செயற்கைக்கோள் பற்றியது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், தீ தென்பட்ட இடங்களைக் கைப்பேசிக் குறுஞ்செய்தி மூலம் கள அலுவலர்களுக்கு அறிவிக்கிறது. அந்த ஏற்பாடு உண்மையிலேயே பயனுள்ளது. 2021-22 தீப் பருவத்தில் 2,23,333, 2022-23-இல் 2,12,249, 2023-24-இல் 2,03,544 தீ நிகழ்வுகள் பதிவாயின என்கிறது அந்நிறுவனம். நாட்டின் வனப் பரப்பில் 36 விழுக்காட்டுக்கு மேல் அடிக்கடி தீப்பிடிக்கும் வாய்ப்புடையது என்று 2019 அறிக்கை குறித்தது. பின்னர் நிதி: மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற விகிதத்திலான காட்டுத் தீ தடுப்பு மற்றும் மேலாண்மைத் திட்டம், வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90-10. இவ்வளவும் அட்டவணையாக வரும். தீயணைக்கச் சென்று இறந்தோர் எத்தனை பேர், அவர்களுள் நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர் என்ற கட்டம் அந்த அட்டவணைகளில் அரிதாகவே தென்படுகிறது.

அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால் அதில் இடம்பெற வேண்டிய பெயர்கள் பல. 2017 பிப்ரவரியில் கர்நாடகத்தின் பந்திப்பூரில், கல்கெரே சரகத்தில் தீயோடு போராடி வனக் காவலர் முருகெப்பா தம்மங்கோல் உயிரிழந்தார். 2023 பிப்ரவரியில் சக்லேஷ்பூர் அருகே காடுமனெ காட்டில் தீக்காயமுற்ற சுந்தரேஷ், பெங்களூரு மருத்துவமனையில் இறந்தார். 2024 ஜூன் 13 அன்று உத்தரகண்ட் மாநிலம் அல்மோரா மாவட்டத்துப் பின்சர் சரணாலயத்தில் ஊழியர் குழு ஒன்று ஊர்தியோடு தீயில் சிக்கிக்கொண்டது. வனக் காவல் அலுவலர் திரிலோக் சிங் மேத்தா, தீக் காவலர் கரண் ஆர்யா, மாநிலத் தற்காலிகக் காவல் படையைச் சேர்ந்த பூரண் சிங், தினக்கூலி திவான் ராம் ஆகிய நால்வர் அங்கேயே மடிந்தனர். காயமுற்றோர் வான்வழியே தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். பலி எண்ணிக்கை பின்னரும் உயர்ந்தது. உயர் அதிகாரிகள் மீது அம்மாநில அரசு நடவடிக்கை எடுத்தது. ஒரே ஊர்தியில் சென்று ஒரே தீயில் இறந்த நால்வரின் பணிநிலையும் வெவ்வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். பணிநிலை வேறானால், குடும்பத்துக்கு வர வேண்டியதும் வேறு.

அதே கேரளத்தில் வேறொரு தீ வீரருக்கு விடைகொடுத்த காட்சியும் நினைவுக்கு வருகிறது. 2023 மே 23 அதிகாலை, திருவனந்தபுரம் தும்பாவை அடுத்த கின்ஃப்ரா வளாகத்தில் மாநில மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கு எரிந்தது. அதை அணைக்கையில் சுவர் இடிந்து விழுந்து, சாக்கை தீயணைப்பு நிலைய வீரர் ஜே.எஸ். ரஞ்சித் இறந்தார். வயது 32. அவர் பணியாற்றிய நிலையத்தில், அவரோடு ஊர்திகளில் சென்ற தோழர்கள் அவருக்கு இறுதி மரியாதை செலுத்தினர். அவரது கண்கள் தானமாக வழங்கப்பட்டன. அவருக்கு ஒரு சீருடை இருந்தது, ஒரு நிலையம் இருந்தது, அந்த நிலையத்தில் அவர் பெயர் எழுதிய பணிப்பட்டியல் இருந்தது. நண்பர்கள் கூடி நின்று அழுவதற்குக்கூட ஓர் இடம் வேண்டியிருக்கிறது. கோடையில் மட்டும் அழைக்கப்படும் காட்டுத் தீக் காவலருக்கு அவ்விடம் எது?

வனத் துறையினருக்கென ஒரு நாள் உண்டு. ராஜஸ்தானின் கேஜர்லி கிராமத்தில் 1730-ஆம் ஆண்டு மரங்களைத் தழுவி உயிர்விட்ட 363 பிஷ்னோய் மக்களின் நினைவாகச் செப்டம்பர் 11, தேசிய வனத் தியாகிகள் நாளாக 2013-இல் அறிவிக்கப்பட்டது. அன்று வனத் துறை அலுவலகங்களில் மௌன அஞ்சலி செலுத்துகின்றனர். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் நினைவுச் சின்னமும் உள்ளது. குறை சொல்வதற்கில்லை, ஆயினும் வேட்டைக் கும்பலின் துப்பாக்கிக்கும் யானைக்கும் பலியானோர் பற்றிப் பேசுமளவுக்குத் தீக்குப் பலியானோர் பற்றிப் பேசப்படுவதில்லை.

செல்வம் மிகுந்த நாடுகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் எண்ண வேண்டாம். 2013 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் யார்னெல் மலைத் தீயில் ஒரே குழுவைச் சேர்ந்த 19 வீரர்கள் கருகினர். அங்கும் காற்று திசை மாறியதே காரணம். தீயில் சிக்கினால் போர்த்திக்கொள்ளும் உலோகத் தாள் கூடாரம் ஒவ்வொருவரிடமும் இருந்தது, அதுவும் காக்கவில்லை. அவர்கள் இறந்த மலையை அம்மாநிலம் நினைவுப் பூங்காவாக்கி, நடைபாதை நெடுக ஒவ்வொருவருக்கும் பெயர்ப் பலகை பதித்திருக்கிறது. ஆனால் அந்த 19 பேரில் ஆறு பேரே முழுநேர நிரந்தர ஊழியர். மற்றவர்களின் குடும்பங்களுக்கு முழு ஓய்வூதியப் பலன் இல்லை என்று பிரெஸ்காட் நகராட்சி கூற, வழக்கும் மேல்முறையீடும் தொடர்ந்தன. பலகையில் சமமாக இருந்தோர் ஊதியப் பதிவேட்டில் சமமாக இல்லை.

தமிழக வாசகருக்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். 2018 மார்ச் 11 குரங்கணித் தீயில் 23 மலையேற்றப் பயணிகளை இழந்தவர்கள் நாம். வனப்பணியில் உள்ள வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பணி நிரந்தரம் கோரி வருவதும் இங்கே பழைய கதை. இவை போதாதெனில், களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையைப் பார்க்கலாம். பாறசாலைக்கு அப்பால் அமரவிளை. அங்குள்ள பாலத்தின் கீழ் ஓடுவது நெய்யாறு. இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோடு வட்டத்தின் 9,200 ஏக்கருக்கு வர வேண்டிய நீரைக் கேரளம் 2004-இல் நிறுத்தியதும், தமிழகம் உச்ச நீதிமன்றம் சென்றதும் குமரி மாவட்ட விவசாயிகள் மறக்காதவை. ஆற்றின் மீது யாருக்கு உரிமை என்று இரு மாநிலங்களும் வாதிடுகின்றன. அந்த ஆறு பிறக்கும் அகத்தியமலைக் காடும் புல்வெளியும் எரியாமல் பார்த்துக்கொள்வோருள், அம்மலையின் காணிப் பழங்குடியினரும் உண்டு.

பனி குறைந்து புல் காயத் தொடங்கும் ஜனவரியில், மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக அந்த வேலை தொடங்கும். சரகம்தோறும் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டப்படும். அதற்கெனத் தற்காலிகக் காவலர் பட்டியல் ஒன்று எழுதப்படும். தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் அவர்களுள் பலருக்கு வேலை முடிந்துவிடும்.