விசைப்படகுகளுக்கு 61 நாள் ஓய்வு... வஞ்சிரத்தைத் தேடிப் போகும் உயிர் இரைத் தூண்டில்!

கனகசெட்டிக்குளம் என்ற பெயரை வருடத்துக்கு ஒருமுறையாவது நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஏப்ரல் மாதம் புதுச்சேரி அரசு வெளியிடும் மீன்பிடித் தடைக்கால அறிவிப்பு, வடக்கே இந்தக் கிராமத்தில் தொடங்கி தெற்கே மூர்த்திக்குப்பம் - புதுக்குப்பம் வரையிலான கடற்பகுதியைக் குறிப்பிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள்கள். முன்பு இது 45 நாளாக இருந்தது.

அறிவிப்பு வந்ததும் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசைகட்டி நின்றுவிடும். ஆனால், அதே அறிவிப்பில் ஒரு விலக்கும் இருக்கிறது. கட்டுமரத்துக்கும் நாட்டுப்படகுக்கும் தடை இல்லை. துறைமுகம் இல்லாமல், மணலில் இருந்தே படகைத் தள்ளிக் கடலில் இறக்கும் கனகசெட்டிக்குளம் போன்ற ஊர்களுக்கு இந்த விலக்குதான் அந்த இரண்டு மாதமும் அடுப்பெரிய வைக்கிறது. கரையோரத்திலேயே சின்ன வலை போடுகிறார்கள், இல்லையென்றால் தூண்டில். அந்தத் தூண்டிலிலும் கொஞ்சம் நுணுக்கமானது, உயிருள்ள மீனையே இரையாகக் கோத்து, ஈயக் குண்டு கட்டி, படகை மெதுவாக ஓட்டியபடி இழுத்துச் செல்வது.

ஆங்கிலத்தில் இதற்கு 'ட்ரோலிங்' என்று பெயர். தடை செய்யப்படும் இழுவைமடி வலைக்கு 'ட்ராலிங்'. தமிழில் எழுதினால் ஒரு கொம்புதான் வித்தியாசம். கடலில் இரண்டும் எதிரெதிர் துருவம். இழுவைமடி, கடலின் அடித்தரையைச் சீய்த்துக்கொண்டு போய் குஞ்சு, குளுவான், நண்டு, சங்கு என வழியில் இருக்கும் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். தூண்டில் ஒரு முள்ளுக்கு ஒரு மீன். (சோஷியல் மீடியாவில் 'ட்ரோல்' பண்ணுவதாகச் சொல்கிறோமே, அந்த வார்த்தையும் இரை காட்டி இழுக்கும் இந்த மீன்பிடி முறையில் இருந்து வந்ததாகத்தான் பலரும் விளக்கம் சொல்கிறார்கள். இரையைக் கடிக்காமல் போவது நம் சாமர்த்தியம்!)

ஈயமும் வேகமும்

சரி, எப்படிப் பிடிக்கிறார்கள்?

முதல் வேலை இரை பிடிப்பது. மத்தி, கவலை, மடவை போன்ற சின்ன மீன்கள், கணவாய், இறால் என எது கிடைத்தாலும் செத்துப்போகாமல் வைத்திருக்க வேண்டும். கடல் தண்ணீர் நிரப்பிய தொட்டியிலோ கேனிலோ போட்டு, அடிக்கடி தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் தண்ணீர் கொஞ்சம் சூடானாலும் மத்தி மிதந்துவிடும். இரை செத்தால் அன்றைய வேட்டையில் பாதி போச்சு.

முள்ளில் கோர்ப்பதிலும் கணக்கு உண்டு. படகு நின்றிருக்கும்போது முதுகுப் பக்கம் கோர்க்கலாம், நடுமுள்ளில் படாமல் இருந்தால் மீன் நெடுநேரம் துடித்துக்கொண்டிருக்கும். படகு ஓடும்போது அப்படிக் கோர்த்தால் இரை குறுக்காகத் திரும்பிச் சுற்றும், நரம்பு முறுக்கேறிவிடும். அதனால் ஓட்டத்துக்கு மூக்கிலோ மேலுதட்டிலோதான் முள். அப்போதுதான் அது தானாக நீந்தி வருவதுபோல் தெரியும்.

ஈயக் குண்டை இரைக்குப் பக்கத்தில் கட்ட மாட்டார்கள். தங்கூசி நரம்பில் முதலில் குண்டு, அதற்குப் பிறகு ஒன்றிரண்டு பாகம் நீளம் விட்டு முள். (இரு கைகளையும் நீட்டினால் வரும் நீளம் ஒரு பாகம், சுமார் ஆறு அடி.) குண்டு கீழே இழுக்க, இரை அதன் பின்னால் சுதந்திரமாக அலையும். வஞ்சிரத்தைக் குறிவைத்தால் முள்ளை ஒட்டிக் கொஞ்ச தூரத்துக்கு இரும்புக் கம்பி போட்டாக வேண்டும். அதன் பல் நரம்பை கத்தரிபோல வெட்டிவிடும்.

வஞ்சிரத்திடம் இன்னொரு தந்திரமும் உண்டு. இரையின் வாலைத்தான் முதலில் வெட்டும். தலைப்பக்கம் மட்டும் முள் இருந்தால், பாதி மத்திதான் மிச்சமாகத் திரும்பி வரும். அதற்காக வால் பக்கம் இரண்டாவதாக ஒரு முள்ளைத் தொங்கவிடுகிறார்கள்.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியம் வேகம். படகு வேகமெடுத்தால் நரம்பு மேலே எழும்பும், ஈயம் எவ்வளவு கனமாக இருந்தாலும் இரை ஆழத்துக்குப் போகாது. வேகம் குறைந்தால் குண்டு தரையில் போய்ப் பாறையில் மாட்டும். பிளாஸ்டிக் இரை என்றால் ஐந்தாறு நாட் வேகத்தில்கூட இழுக்கலாம். உயிர் இரைக்கு ஒன்று, ஒன்றரை நாட் போதும். ஒருவர் நடந்து போகும் வேகத்தைவிடக் குறைவு. அதைத் தாண்டினால் இரை மூச்சுத் திணறிச் செத்துவிடும். எஞ்ஜினை அணைத்து ஓட்டி ஓட்டி, நரம்பு தண்ணீரில் இறங்கும் சாய்வைப் பார்த்தே இரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட வேண்டும்.

இருட்டில் மின்னும் கண்

உலகத்தின் அந்தக் கோடியிலும் இதே கணக்குதான். அமெரிக்கா, கனடா ஏரிகளில் 'வால்-ஐ' என்றொரு மீன். மண்புழு, அட்டை, சின்ன மீன் ஆகியவற்றை உயிரோடு கோத்து, நரம்பில் வழுக்கி ஓடும் ஈயத்தோடு ஏரித் தரையை ஒட்டி மெதுவாக இழுப்பார்கள். மீன் இரையைக் கவ்வி நகரும்போது நரம்பு மட்டும் ஓடும், ஈயத்தின் கனம் மீனுக்குத் தெரியாது. கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் அதன் கண் வெளிச்சத்தில் மின்னும். மங்கலான நேரத்தில்தான் அது வேட்டையாடும்.

நம் ஊரில் அதற்கு ஒப்பானது கொடுவா. டார்ச் அடித்தால் இதன் கண்ணும் சிவப்பாக மின்னும். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்கள் கொடுவாவுக்குப் பிடித்த இடம், விடியலும் அந்தியும் பிடித்த நேரம். உயிர் இறாலையும் மடவையையும் விடவே விடாது.

ஒரு தூண்டிலுக்கு ஒரு மீன் என்பதால் இதில் கெடுதலே இல்லை என்று நினைத்துவிட முடியாது. கொடுவா ஆணாக முதிர்ந்து, சில வருடங்களில் பெண்ணாக மாறும் மீன். அதாவது, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் அளவுக்குப் பெரிய கொடுவா பெரும்பாலும் தாய் மீன்தான். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் இந்த மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்ய வைத்ததால், இன்று குளத்திலும் கொடுவா வளர்கிறது. வஞ்சிரத்துக்கு அப்படி ஒரு மாற்று வழி நம் பக்கம் கிடையாது. முக்கால் மீட்டர் நீளத்தை நெருங்கும்போதுதான் அது முதல்முறை முட்டையிடத் தயாராகும். பெரிய முள்ளில் பெரிய இரையைக் கோர்த்தால் குட்டி வஞ்சிரத்தின் வாயில் அது நுழையாது. வலைக்கு இந்தப் பாகுபாடு தெரியாது.

மார்க்கெட்டில் கவனியுங்கள்

தடைக்காலத்தில் விற்கும் வஞ்சிரம் எல்லாமே தூண்டிலில் வந்ததல்ல. மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1-ம் தேதிதான் தொடங்கும் என்பதால், அதுவரை கேரளா, கர்நாடகாவில் இருந்து லாரிகளில் ஐஸ் மீன் வரும். தூண்டில் மீன் என்றால் வாயோரம் முள் குத்திய காயம் இருக்கும், தோல் உரியாமல் பளபளப்பாக இருக்கும். வலை மீனில் செவுளை ஒட்டியோ உடம்பிலோ நரம்பு அழுத்திய கோடு தெரியும். தூண்டில் மீனுக்கு விலை கூடுதலாகக் கேட்பதன் காரணம் இதுதான்.

அந்த விலை படகுக்காரர் கைக்கு வர இரண்டு விஷயங்கள் அமைய வேண்டும். ஒன்று, இரை. கோழித்தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் டன் கணக்கில் அள்ளப்படும் பொடிமீன்தான் தூண்டில்காரருக்கு மூலதனம். பெரிய மீன் கடலில் இருந்தாலும், கரையோரம் மத்தி இல்லாத நாளில் அவர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

இரண்டாவது, கரை. 1980-களில் புதுச்சேரி துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தடைபட்டது. வடக்கே இருக்கும் ஊர்களின் கடற்கரை ஒவ்வொன்றாகக் கரைந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் தொடங்கி, காலாப்பட்டுக்கு அருகில் இருக்கும் பிள்ளைச்சாவடி வரை வீடுகளைக் கடல் தொட்டுவிட்டது. பிள்ளைச்சாவடி மக்கள் அரசிடம் திரும்பத் திரும்பக் கேட்டது, மணலைப் பிடித்து நிறுத்தும் கல் தடுப்பு. அதன் வடிவத்தைப் பார்த்து, அதற்கு மீனவர்கள் சொல்லும் பெயர் 'தூண்டில் முள் வளைவு'.

ஓர் ஊரில் அதைக் கட்டினால், மணல் கிடைக்காமல் அடுத்த வடக்கு ஊரில் அரிப்பு தொடங்குகிறது என்பதுதான் சிக்கல். கனகசெட்டிக்குளம், புதுச்சேரி எல்லையில் வடக்கே கடைசி ஊர்.