குறைமாதக் குழந்தைகளின் நாட்பட்ட நுரையீரல் நோய்

குறைமாதக் குழந்தைகளின் நாட்பட்ட நுரையீரல் நோய் என்பது உரிய காலத்திற்கு மிக முன்னதாகப் பிறந்து, செயற்கை சுவாசமோ கூடுதல் ஆக்சிசனோ நீண்ட நாட்கள் தேவைப்படும் குழந்தைகளுக்கு ஏற்படும் நுரையீரல் பாதிப்பு ஆகும். மருத்துவத்தில் இது பிராங்கோபல்மனரி டிஸ்பிளாசியா எனப்படுகிறது. குழந்தையின் உயிரைக் காக்கும் சிகிச்சையே இந்நோய்க்கான காரணங்களுள் ஒன்றாக இருப்பது இதன் தனித்தன்மையாகும். தீவிர சிகிச்சை முறைகள் மாறியதற்கேற்ப இந்நோயின் இயல்பும் மாறி வந்துள்ளது.

பின்னணி

நுரையீரலில் காற்றுப் பரிமாற்றம் நிகழும் நுண்ணறைகள் பெரும்பாலும் கருக்காலத்தின் இறுதி வாரங்களில் உருவாகத் தொடங்கி, பிறந்த பின்னரும் பெருகுகின்றன. மூச்சை வெளிவிடும்போது இவை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்பாக்டன்ட் எனப்படும், கொழுப்பும் புரதமும் சேர்ந்த பொருளாகும். குறைமாதக் குழந்தைகளிடம் இது போதிய அளவு இருப்பதில்லை. அதனால் ஏற்படும் கடும் மூச்சுத்திணறல், முன்னர் ஹயலின் சவ்வு நோய் எனப்பட்டது. சர்பாக்டன்ட் குறைபாடே அதற்குக் காரணம் என்பதை 1959இல் அமெரிக்க ஆய்வாளர்களான மேரி எலன் ஏவரி, ஜியர் மீட் ஆகியோர் எடுத்துக்காட்டினர். 1963 ஆகஸ்டில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடியின் மகன் பேட்ரிக் சுமார் ஐந்தரை வாரங்கள் முன்னதாகப் பிறந்து, இந்நோயால் இரண்டு நாட்களுக்குள் இறந்தார். இன்று அத்தகைய குழந்தை பெரும்பாலும் பிழைத்துவிடும்.

நோய் கண்டறியப்பட்ட வரலாறு

1960களில் பச்சிளங்குழந்தைகளுக்குச் செயற்கை சுவாசக் கருவிகள் பயன்படத் தொடங்கின. 1967இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் நார்த்வேயும் அவருடைய சக ஆய்வாளர்களும், கடும் மூச்சுத்திணறலுக்குச் சிகிச்சை பெற்ற 32 குழந்தைகளை ஆராய்ந்து இந்நோயை முதன்முதலில் விவரித்தனர். அதிக செறிவுள்ள ஆக்சிசனும் கருவியின் அழுத்தமும் முதிராத நுரையீரலைப் புண்படுத்தியிருந்தன. அப்புண்கள் ஆறும்போது தழும்புத் திசு உண்டானது.

சிகிச்சையில் மாற்றங்கள்

* 1971: ஜார்ஜ் கிரகரியும் சக மருத்துவர்களும், குழந்தை தானே மூச்சுவிடும்போது காற்றுப்பாதையில் தொடர்ச்சியான நேர் அழுத்தம் தரும் முறையை வெளியிட்டனர்.
* 1972: நியூசிலாந்தின் கிரகாம் லிக்கின்ஸ், ராஸ் ஹோவி ஆகியோர், பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் மூச்சுத்திணறல் குறைவதைக் காட்டினர்.
* 1980: சப்பானின் டெட்சுரோ புஜிவாரா குழுவினர், சர்பாக்டன்டைக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி வெற்றி கண்டனர். 1990இல் அமெரிக்காவில் சர்பாக்டன்ட் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

புதிய வடிவம்

இம்மாற்றங்களுக்குப் பின் நோய் மறைந்துவிடவில்லை. முன்னர் பிழைக்க இயலாத, 28 வாரங்களுக்கும் முன் பிறக்கும், ஒரு கிலோகிராமுக்கும் குறைவான எடையுள்ள குழந்தைகள் பிழைக்கலாயினர். அவர்களே இன்று பெரும்பாலும் இந்நோய்க்கு உள்ளாகின்றனர். அவர்களின் நுரையீரலில் தழும்புகள் குறைவு. ஆனால் நுண்ணறைகள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் காணப்படுகின்றன. இரத்த நாளங்களின் வளர்ச்சியும் குன்றியிருக்கிறது. அதாவது, பழைய வடிவம் முதன்மையாகக் காயத்தால் வந்தது; புதிய வடிவம் முதன்மையாக வளர்ச்சி தடைபடுவதால் வருவது. 1999இல் ஆலன் ஜோப் இதனைப் புதிய பி.பி.டி. என்று குறிப்பிட்டார்.

பிறந்து 28 நாட்களுக்குப் பின்னும் ஆக்சிசன் தேவைப்படுவதே முன்னர் நோயின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. மிக முன்னதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு அவ்வளவு பொருந்தாததால், கருக்காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட 36ஆம் வாரத்தில் சுவாச உதவி தேவைப்படுகிறதா என்பது பின்னர் அளவுகோலாயிற்று.

நன்மையும் தீமையும்

ஆக்சிசன் மிகுந்தால் நுரையீரலுடன் விழித்திரையும் பாதிக்கப்படும். 1950களில் பார்வையிழப்பைத் தடுக்க ஆக்சிசன் கடுமையாகக் குறைக்கப்பட்டபோது இறப்புகள் கூடின. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரத்த ஆக்சிசன் அளவை 85 முதல் 89 விழுக்காடாக வைத்த குழந்தைகளிடம் கடும் விழித்திரை நோய் குறைவாக இருந்தது; ஆனால் 91 முதல் 95 விழுக்காடாக வைத்த குழந்தைகளைவிட அவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது.

பிறந்த குழந்தைக்கே டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டைத் தருவது 1990களில் பரவலாயிற்று. அது கருவியிலிருந்து குழந்தையை விரைவில் விடுவித்தது. எனினும், பிறந்த உடனேயே மருந்து பெற்ற குழந்தைகளிடம் பெருமூளை வாதம் கூடுதலாகக் காணப்பட்டதால், வழக்கமாக அதைத் தருவதை 2002இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் ஏற்க மறுத்தது. மாறாக, மூச்சு நின்று போவதைத் தடுக்கத் தரப்படும் காஃபீன் நோயின் அளவை 47 விழுக்காட்டிலிருந்து 36 விழுக்காடாகக் குறைத்ததாக 2006இல் வெளியான பன்னாட்டு ஆய்வு தெரிவித்தது.

பிற்கால விளைவுகள்

இந்நோயுற்ற பல குழந்தைகளுக்கு வளர வளர ஆக்சிசன் தேவை நீங்குகிறது. எனினும் முதல் இரண்டு ஆண்டுகளில் சுவாசத் தொற்றுகளால் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு அதிகம். சிலருக்கு நுரையீரல் இரத்த அழுத்தம் உயரும். நுரையீரல் திறன் வளர்ந்த பின்னரும் குறைந்திருக்கக் கூடுமாதலால், இவர்களுக்குப் புகையிலைப் புகை குறிப்பாகத் தீங்கானது.