நண்பனிடம் விலை சொல்ல வாய் வருவதில்லை

அப்பா விட்டுச் சென்ற பிஸ்கட் டின்னில் நாற்பத்தோரு காசுகள் இருந்தன. பெரும்பாலும் சதுரக் காசுகள். பினாங்கில் பழைய குடும்பம் எதுவானாலும் அலமாரியைத் துழாவினால் ஒன்றிரண்டு அகப்படும், முனை மழுங்கிய ஒரு காசு. அவற்றுக்கு அடியில், கிழிந்த வேட்டித் துணியில் தனியாகச் சுற்றி, 1903-ஆம் ஆண்டின் ஒரு வெள்ளி. ஏழாம் எட்வர்ட் மன்னரின் தலை போட்டது. பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று தனியாக அடித்த முதல் ஒரு வெள்ளி (டாலர்) நாணயம் அது. பம்பாய் அக்கசாலையிலிருந்து கப்பலேறி வந்தது. அதற்கு முன்பு இந்தத் துறைமுகத்தில் ஸ்பானிய வெள்ளி, மெக்சிகோ வெள்ளி போன்றவைதான் கைமாறின. இன்றும் நாம் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்கிறோமே, பணம் நிஜமாகவே வெள்ளியாக இருந்த காலத்தின் மிச்சம் அது. ‘ரிங்கிட்’ என்ற மலாய்ச் சொல்லும் அப்படித்தான்: பல்பல்லாக வெட்டிய விளிம்பு என்று பொருள். ஸ்பானிய நாணயத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்து வைத்த பெயர்.

கூரை மாற்ற வேண்டி வந்தபோது அந்த ஒரு வெள்ளியை விற்றேன். ஆரம்பப் பள்ளியிலிருந்து என்னோடு இருக்கும் நண்பன் ஆயர் ஈத்தாமில் இருக்கிறான். நாற்பது வருடமாக நாணயம் சேர்ப்பவன். என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த வெள்ளியை எடுத்துக் காட்டச் சொல்வான். “குடுக்கறதா இருந்தா எங்கிட்ட சொல்லுடா” என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். கடைக்காரர் தருவதைவிட அவன் கூடவே தந்திருப்பான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சனிக்கிழமை காலை துணிச் சுருளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு கடைக்காரரிடம் போய் நின்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பது வெகு நாள் உறுத்தியது. விசாரித்துப் பார்த்தால் நான் மட்டுமில்லை. லோரோங் கூலிட் சந்தையில், ஸ்டேடியத்துப் பக்கம் விடிகாலையிலேயே துணி விரித்துப் பழைய சாமான் விற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சொந்தக்காரர் கேட்டும் கொடுக்காமல் இங்கே கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறவர்களைப் பற்றிச் சொல்வார்கள். தபால்தலை, நாணயம், பழைய கடிகாரம், பீங்கான் எதுவானாலும் கதை ஒன்றுதான். தெரிந்தவனுக்கு நல்ல விலைக்குத் தருவதைவிடத் தெரியாதவனுக்குக் குறைந்த விலைக்குத் தருவது மனதுக்கு இலேசாக இருக்கிறது. கணக்குப் பார்த்தால் இது நட்டம். மனிதர்கள் தெரிந்தே நட்டப்படும் இடத்தில் ஏதோ ஒன்றை அவர்கள் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

முதலில் அந்தக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். அவர் வெள்ளியை முகத்தில் தொடாமல் ஓரத்தை மட்டும் இரு விரலால் பிடித்தார். தராசில் வைத்தார். 1903-இன் வெள்ளி ஏறக்குறைய 27 கிராம் நிற்க வேண்டும். வெள்ளியின் உலோக விலை ஏறி, நாணயத்தை உருக்கி விற்றால் லாபம் என்ற நிலை வந்ததால், 1907-இல் அதைச் சிறிதாக்கி 20 கிராம் சொச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆகவே ஆண்டும் எடையும் பொருந்தாவிட்டால் அங்கேயே கதை முடிந்தது. அடுத்து ஒரு காந்தத் துண்டைக் கிட்டே கொண்டுபோனார். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. கடைசியாக விளக்கடியில் நாணயத்தை மெல்லச் சாய்த்துச் சாய்த்துத் திருப்பினார். அச்சு அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நசுங்கி ஓடுகிறது. அப்படி ஓடிய தடம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளாக மேற்பரப்பில் நின்றுவிடும். நாணயத்தைச் சாய்த்தால் அந்தக் கோடுகளில் பட்ட ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரம்போலச் சுழலும். துடைத்துத் தேய்த்த நாணயத்தில் அது சுழலாது, வெறுமனே பளபளக்கும்.

வெள்ளி தேறிவிட்டது. கூடவே கொண்டுபோன சதுரக் காசில் ஒன்றைக் கையில் எடுத்தவர் உடனே கேட்டார்: “புளி போட்டுத் தேய்ச்சீங்களா?”

அம்மா தேய்த்திருந்தாள். குத்துவிளக்கோடு சேர்த்துக் காசுகளையும் தேய்ப்பது அவளுடைய தைப்பூச வழக்கம். செம்பு கலந்த வெண்கலத்தின் மேல் படிந்த கறுப்பைப் புளியின் அமிலம் கரைத்துவிடும். காசு புதுசு போல மின்னும். சேகரிப்பவர் கண்ணுக்கு அதுதான் சேதம். அந்தக் காசு சேர்க்கத்தக்க காசு என்ற மதிப்பை இழந்துவிட்டது. கடைக்காரர் அதை ஒரு வார்த்தையில் சொல்லி ஒதுக்கினார், நானும் தலையாட்டினேன். இதே காசை நண்பனுக்கு விற்றுவிட்டு ஒரு வருடம் கழித்து அவனுக்கு இது தெரியவந்திருந்தால்? அவன் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். அந்த மௌனத்தை நினைத்தாலே எனக்கு என்னவோ செய்கிறது.

இனி ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வதைப் பார்ப்போம். 1990-இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் வெளியிட்ட ஒரு சோதனை புகழ்பெற்றது. மாணவர்களில் ஒரு பகுதியினருக்குச் சாதாரணக் காப்பிக் கோப்பை ஒன்றைக் கொடுத்து, என்ன விலைக்கு விற்பீர்கள் என்றார்கள். நடுவாந்தர விலை 7.12 டாலர். கோப்பை இல்லாதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்றார்கள்: 2.87. மூன்றாவது கூட்டத்திடம், கோப்பை வேண்டுமா பணம் வேண்டுமா, எதுவானாலும் இலவசம் என்றார்கள்: 3.12. விற்றவர்களும் இந்த மூன்றாம் கூட்டமும் கணக்கில் ஒரே நிலைதான். இருவருக்கும் முடிவில் ஒன்று கோப்பை, இல்லாவிட்டால் பணம். வித்தியாசமெல்லாம் கோப்பை ஒரு நிமிடம் கையில் இருந்ததா இல்லையா என்பது மட்டுமே. ஒரு நிமிடம் வைத்திருந்த கோப்பைக்கே இந்தப் பாடு. அப்பா வேட்டித் துணியில் சுற்றி வைத்த வெள்ளிக்கு என் மனம் போட்டு வைத்திருந்த விலையை நண்பனிடம் சொல்லியிருந்தால், அவன் என்னைப் பேராசைக்காரன் என்று நினைத்திருப்பான். அவன் சொல்லும் நியாயமான விலை எனக்கு அப்பாவைக் குறைத்துப் பேசுவதாகப் பட்டிருக்கும். இருவர் பக்கமும் தப்பில்லை. ஆனாலும் நடுவில் ஒரு பள்ளம் விழுந்துவிடும்.

கடைக்காரரிடம் மட்டும் ஏன் அது விழுவதில்லை? ஜான் லிஸ்ட் என்ற பொருளியலாளர் 2003-இல் இதற்கு அருமையான பதில் தந்தார். அமெரிக்காவில் விளையாட்டு வீரர் அட்டைகள் சேர்ப்பவர்கள் கூடும் சந்தைக்குப் போய், கிட்டத்தட்ட ஒரே மதிப்புள்ள இரண்டு நினைவுப் பொருள்களில் ஏதோ ஒன்றை ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். பிறகு மற்றதோடு மாற்றிக்கொள்ளலாம் என்றார். கண்ணை மூடிக் கொடுத்ததால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு மற்றது பிடித்திருக்க வேண்டும். சாதாரணச் சேகரிப்பாளர்களில் சுமார் நான்கில் ஒருவர்தான் மாற்றினார்கள். வியாபாரிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் மாற்றிக்கொண்டார்கள். கைக்கு வந்ததும் பற்று ஒட்டிக்கொள்ளும் பழக்கம், விற்று விற்று அவர்களிடம் தேய்ந்துபோயிருக்கிறது. பொருள் அவர்கள் கையில் தங்க வந்ததல்ல, கடந்துபோக வந்தது. அதனால்தான் அவர் சொல்லும் விலை என் அப்பாவைப் பற்றிய பேச்சாக எனக்குப் படவில்லை, வெறும் விலையாகப் பட்டது.

இதோடு முடிந்துவிடவில்லை. மார்கரெட் கிளார்க்கும் ஜட்சன் மில்ஸும் 1979-இல் செய்த சோதனை ஒன்றும் இங்கே பொருந்துகிறது. இளைஞர்கள் ஒரு பெண்ணுக்குச் சிறு உதவி செய்கிறார்கள். அவள் உடனே பதிலுக்கு ஒன்றைக் கொடுத்துக் கணக்கை நேர் செய்கிறாள், அல்லது செய்யாமல் விடுகிறாள். அவள் மணமானவள் என்று கேள்விப்பட்டவர்களுக்குக் கணக்கு நேரானதில் சந்தோஷம். அவள் தனியாள், ஊருக்குப் புதியவள் என்று கேள்விப்பட்டு நட்பை எதிர்பார்த்தவர்களுக்கோ அவள் மேல் இருந்த பிரியம் குறைந்தது. நெருக்கம் வேண்டிய இடத்தில் உடனுக்குடன் கணக்கு முடிப்பது, ‘நீ எனக்கு வேற்றாள்’ என்று சொல்வதற்குச் சமம்.

நம்மவர்களுக்கு இதைச் சோதனைச் சாலை சொல்லித் தர வேண்டியதில்லை. மொய் நோட்டை நினைத்துப் பாருங்கள். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று காசு காசாக எழுதி, இருபது வருடம் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஆனால் கல்யாணம் முடிந்த மறுநாளே அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஒருவர் வந்தால்? அது பெரிய அவமானம். கணக்கு இருக்கலாம், முடியக்கூடாது. முடியாத கணக்கில்தான் உறவு ஓடுகிறது. விற்பனை என்பது அந்த இடத்திலேயே முடிந்துபோகும் கணக்கு.

வாங்குகிறவன் பக்கம் நின்று பார்த்தால் காட்சி வேறு என்பதையும் சொல்லவேண்டும். பால் டிமாஜியோவும் ஹியூ லூச்சும் 1998-இல் எழுதிய ஆய்வில், பழைய கார் வாங்குவது போன்ற ஏமாறக்கூடிய காரியங்களில் மக்கள் தெரிந்தவர்களைத் தேடிப் போகிறார்கள் என்றும், அப்படி வாங்கியவர்களுக்குத் திருப்தியும் அதிகம் என்றும் கண்டார்கள். வாங்குபவனுக்கு நட்பு ஒரு காப்பு. ஆனால் அந்தக் காப்பைத் தருகிறவன் விற்பவன் அல்லவா? பொருளில் பின்னால் தெரியவரும் குறை, பின்னால் ஏறும் விலை, பின்னால் இறங்கும் விலை எல்லாவற்றுக்கும் அவன் மனதளவில் ஜாமீன் நிற்கிறான். ஏறினால் விற்றவனுக்கு உறுத்தல், இறங்கினால் வாங்கியவனுக்கு. கடைக்காரரிடம் விற்றுவிட்டுப் படியிறங்கினால் அந்த ஜாமீன் இல்லை. அவர் எடுக்கும் லாபத்தை நான் இப்போது அந்த விடுதலைக்குக் கொடுத்த கூலியாகத்தான் பார்க்கிறேன்.

நெருங்கியவர்களுக்குள் வியாபாரம் நடந்தே தீரவேண்டும் என்றால் என்ன வழி? தமிழர்கள் இதற்குப் பழைய ஏற்பாடுகள் வைத்திருக்கிறார்கள், அவற்றின் நுட்பம் என்னை வியக்க வைக்கிறது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர் கையில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரல்களைப் பிடித்து விலை பேசுவார். விற்பவனும் வாங்குபவனும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கலாம், மாமன் மச்சானாகவே இருக்கலாம். எண் எவர் வாயிலிருந்தும் வருவதில்லை. சொல்லாத விலையால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. படியாவிட்டால் தரகர்மேல் பழியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

இன்னொன்று நமக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. தைப்பூசத்தில் வெள்ளி ரதம் புறப்படும் பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் வரிசையாகப் பல கடைகள். ஒவ்வொருவருக்கும் தரையில் ஒரு பாய், ஒரு கைப்பெட்டி. பக்கத்துப் பெட்டிக்காரர் பங்காளி, எதிர்ப் பெட்டிக்காரர் சம்பந்தி. அவர்கள் தங்களுக்குள்ளும் கடன் வாங்கிக் கொடுத்தார்கள். பங்காளியிடம் வட்டி எவ்வளவு என்று எப்படிக் கேட்பது? ரங்கூனில் இருந்த செட்டியார்கள் மாதந்தோறும் முருகன் கோயிலில் கூடி அந்த மாதத்துக்கான ‘நடப்பு வட்டி’யை எல்லோருமாக நிர்ணயித்தார்கள். அதன்பிறகு அந்த விகிதம் யாருடைய ஆசையும் அல்ல, யாருடைய கஞ்சத்தனமும் அல்ல. சாமி முன்னால் ஊர் வைத்த எண். இரண்டு பேருக்கு நடுவில் கிடந்த விலையை எடுத்து வெளியே ஒரு பொது இடத்தில் வைத்துவிட்டார்கள். நாணயக்காரர்கள் இன்று விலைப் பட்டியல் புத்தகத்தைப் புரட்டிப் பேசுவதும் ஏறக்குறைய இதுதான்.

இவ்வளவுக்கும் எதிராக ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஏரன் பிரஃபும் மேத்யூ ஐசக்கும் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பொருளோடு மனம் ஒன்றியவர்கள், அதை நன்றாகப் பயன்படுத்தப் போகிறவர் கேட்டால் விலையை இறக்கிக்கொள்கிறார்கள். பொருள் போகும் இடம் நல்ல இடமாக இருக்க வேண்டும் என்ற தவிப்பு காசைவிடப் பெரிதாகிவிடுகிறது. எனக்கும் அந்தத் தவிப்பு இருந்தது. அப்பாவின் வெள்ளிக்கு என் நண்பனின் ஆல்பத்தைவிட நல்ல இடம் ஏது? ஆனால் அந்தத் தவிப்பை முழுசாகப் பின்பற்றினால் அவனுக்கு அதைச் சும்மாதான் கொடுக்க வேண்டும், கூரையோ ஒழுகிக்கொண்டிருந்தது. விலை குறைத்துக் கேட்டால் அவன் ஒப்புக்கொள்ள மாட்டான், கூட்டித் தருவான். கூட்டித் தந்தால் நான் வாங்கமாட்டேன். இப்படி ஒருவரையொருவர் மிஞ்சப் பார்த்தே நாங்கள் ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்போம்.

புளி தேய்த்த சதுரக் காசை மட்டும் அவனிடம் கொடுத்தேன். விற்றதையும் சொன்னேன், எந்தக் கடை என்றும் சொன்னேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. “ம்” என்றான். காசைத் திருப்பிப் பார்த்து, “உங்கம்மா கைவேலை” என்றான்.

போன தைப்பூசத்துக்கு அவன் வீட்டில் சாப்பிடப் போயிருந்தேன். ஆல்பத்தை எடுத்து விரித்தான். பிளாஸ்டிக் அறைகளில் வரிசையாக நாணயங்கள். நடு வரிசையில் 1903-இன் ஒரு வெள்ளி இருந்தது. இடது ஓரத்தில், அப்பா எப்போதோ கீழே போட்டதால் விழுந்த சின்னக் கீறலோடு. அதற்குப் பக்கத்து அறையில் அம்மாவின் சதுரக் காசு. அவன் வெள்ளியை வெளியே எடுத்து என்னிடம் நீட்டினான். நான் அதன் ஓரத்தைப் பிடித்து விளக்கடியில் சாய்த்தேன். ஒளி சக்கரம்போலச் சுழன்றது. என்ன விலைக்கு வாங்கினான் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் மனைவி பாயசம் கொண்டுவந்து வைத்தாள்.