வளையத்துக்குள் ஒரு சூரியகலா

இனிப்புக் கடையில் சூரியகலா பார்த்திருப்பீர்கள்: நடுவில் பூரணம் வைத்து உப்பிய வட்டம், சுற்றிலும் மடித்துவிட்ட விளிம்பு. 2017 மார்ச்சில் சனிக் கோளின் பக்கத்திலிருந்து காசினி விண்கலம் அனுப்பிய ஒரு படத்தில் இருந்ததும் அச்சு அசல் அதுதான். அதன் பெயர் பான். சராசரி விட்டம் சுமார் 28 கி.மீ. மட்டுமே உள்ள நிலா.

இந்தப் பொடி நிலாவின் வீடு வளையங்களுக்கு நடுவே. தூரத்திலிருந்து தகடுபோல் தெரிந்தாலும் சனியின் வளையம் தகடு அல்ல. தூசியளவு முதல் வீட்டளவு வரை கோடானுகோடிப் பனிக்கட்டித் துண்டுகள் தனித்தனியே சனியைச் சுற்றி ஓடுகின்றன. முக்கிய வளையங்களின் குறுக்களவு சுமார் 2,73,000 கி.மீ.; கனமோ பெரும்பாலும் பத்து மீட்டர்தான். அந்த நெரிசலுக்கு நடுவே 325 கி.மீ. அகலத்தில் காலியான ஒரு பாதை உண்டு. அதற்கு என்கே இடைவெளி என்று பெயர். அதில் ஓடுவதும் பான், அதைச் சுத்தமாக வைத்திருப்பதும் பான்.

ஈர்ப்பு இழுக்கத்தானே செய்யும், விலக்குவது எப்படி? சனிக்கு அருகில் சுற்றுவது வேகமாக ஓடும். தள்ளிச் சுற்றுவது மெதுவாக நகரும். உள்பக்கத் துண்டுகள் பான் நிலாவை முந்துகின்றன. முந்தியதும் அது பின்னாலிருந்து பிடித்து இழுக்க, வேகமிழந்து இன்னும் உள்ளே இறங்குகின்றன. வெளிப்பக்கத்தில் பின்தங்கும் துண்டுகளுக்கோ முன்பக்கமாக ஓர் இழுப்பு. அந்தத் தெம்பில் அவை வெளியே விலகிப்போகின்றன. இழுத்தே இரு பக்கமும் ஒதுக்கிவிடுகிறது!

பானைக் கண்டுபிடித்த கதையும் இதே கணக்கில்தான் நடந்தது. 1981-ல் வாயேஜர் 2 எடுத்த படங்களில் என்கே இடைவெளியின் ஓரங்கள் அலையலையாக இருந்தன. ஏதோ ஒன்று உள்ளே ஓடாமல் அலை எழாது. அலைகளை வைத்து அது எங்கே இருக்கவேண்டும் என்று கணக்கிட்டு, 1990-ல் மார்க் ஷோவால்டர் அந்தப் பழைய படங்களைத் துழாவினார். ஒன்பது வருடமாகக் கண்ணில் படாத நிலா அகப்பட்டது. மந்தை மேய்ப்பவர்களின் கிரேக்கத் தெய்வம் பான், பெயர் பொருத்தம்தான்.

எல்லா நிலாவும் ஒதுக்குவதில்லை. சுமார் 500 கி.மீ. விட்டமுள்ள என்செலடஸ், தென்துருவ வெடிப்புகள் வழியே நீராவியையும் பனித்தூளையும் பீய்ச்சுகிறது. வெளியே பரந்து கிடக்கும் ஈ வளையம் அந்தத் தூளால் ஆனது.

சரி, சூரியகலா விளிம்பு எங்கிருந்து வந்தது? வளையம் மெல்லியது என்பதால் பான் மீது விழும் பனித்தூள் உடம்பெங்கும் பரவாமல் நடுக்கோட்டிலேயே படிந்திருக்கவேண்டும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். ஈர்ப்பு சொற்பம் என்பதால் படிந்தது சரியவும் இல்லை. பாதையைப் பெருக்குகிற ஆளின் இடுப்பில் ஒட்டிய தூசிதான் அது.