தீபாவளி விருந்து: சாப்பாட்டு மேசைக்கு எந்த பல்பு?

2015-ல் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கும் அதிகமான எல்இடி பல்புகள் விநியோகமாகின. மின் கட்டணம் குறைந்தது, நல்ல விஷயம். ஆனால் இன்று பல வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேலேயும் எரிவது 6,500 கெல்வின் 'கூல் டேலைட்' பல்புதான். படிக்க ஓகே. அந்த நீல வெள்ளையில் கேரட் அல்வாவும் ரோகன் ஜோஷும் வெளிறிப்போய்த் தெரியும்.

பெட்டியில் 'வார்ம் ஒயிட்', 2,700 அல்லது 3,000 கெல்வின் என்று இருக்கிறதா பாருங்கள். கூடவே சிஆர்ஐ. நிறங்களை பல்பு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது, உச்சம் 100. சாதாரண எல்இடி-யில் 80 இருக்கும். 90 கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தே வாங்கலாம்.

சரி, லைட்டை அணைச்சுட்டு மெழுகுவர்த்தி மட்டும் ஏத்தினா? போட்டோவுக்கு அழகுதான். ஒரு மெழுகுவர்த்தி தருவது சுமார் 12 லூமன். 9 வாட் எல்இடி சுமார் 900. அதோடு, 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். தாத்தா தட்டில் மீன் இருந்தால் முள் தெரியணும்ல?

இன்னொன்று, சுவர் டியூப்லைட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் நம் நிழலே தட்டில் விழும். மேசைக்கு நேர் மேலே, 75 முதல் 90 செ.மீ. உயரத்தில், ஷேடு போட்ட தொங்கும் விளக்குதான் சரி. வாடகை வீட்டில் துளை போட முடியாதென்றால், மேசையின் இரு பக்கமும் ஆளுக்கொரு ஸ்டாண்ட் விளக்கு வைத்தாலே நிழல் பெருமளவு போய்விடும்.